அப்பாவின் எண்ணிலிருந்து

மில்பிடாஸ்,
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள ப்ரியா,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் அதற்கும் சண்டை பிடிப்பாய் என்பதால், வெண்பா நலமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன் வேண்டாம், வாரம் ஒரு கடிதம் எழுதுவோம் என்று போன ஞாயிறு நான் சொன்னபோது சிரித்தாய். யோசித்துப் பார். போனில் நாலாவது நிமிடம் வீட்டு லீஸுக்கு வந்துவிடுகிறோம். ஆறாவது நிமிடம் குரல் ஏறிவிடுகிறது. வெண்பா மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறாள். நம் மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. ஐபேடைத் திறந்து இதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நம் சண்டை தெரிய வேண்டாம்.

நீங்கள் இருவரும் இங்கே வருவதா, அந்த வீட்டு லீஸை இன்னொரு வருடம் நீட்டிப்பதா என்பதை ஏப்ரல் முப்பதுக்குள் சொன்னால் போதும். நான் அங்கே நியூ ஜெர்சியில் வேலை போய் இங்கே கலிபோர்னியாவுக்கு வந்து ஒன்றரை வருடம் தனியாக இருந்தாகிவிட்டது, இன்னும் இரண்டு மாதம் பொறுக்க மாட்டேனா. இன்று ஒரு படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நேற்று மதியம் ஆபீஸ் நண்பர்களுடன் 'எதிர்முனை' பார்த்தேன். நீ எந்தப் படத்துக்கும் முடிவைத் தெரிந்துகொண்டு போகிறவள் என்பதால் முழுக் கதையையும் சொல்கிறேன். மித்ரா என்று ஒரு பெண். கார் விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறி வருகிறாள். கணவன் ஆதவன் சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன். தினம் மாலை ஏழு மணிக்குக் கொடைக்கானலிலிருந்து அவள் அம்மா போன் பண்ணுகிறாள். சரியாக அந்த ஏழு மணிக்கு ஆதவன் வீட்டில் இருப்பதில்லை. அவனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று அவளும் நினைக்கிறாள், நாமும் நினைக்கிறோம். இடைவேளையில்தான் தெரிகிறது, அம்மா அந்த விபத்திலேயே இறந்துவிட்டாள். அதிர்ச்சியான செய்தி எதுவும் இவளுக்குத் தெரியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஆதவன் ஒரு கருவி செய்து, எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து, அம்மாவின் குரலில் தானே பேசிக்கொண்டிருக்கிறான். கடைசிக் காட்சியில் அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். கருவி உடைந்து கிடக்கிறது. மணி ஏழு. போன் அடிக்கிறது. அவள் எடுத்து, "சொல்லும்மா" என்று சிரிக்கிறாள். அவ்வளவுதான் படம்.

பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் நின்றோம். விபத்தில் செத்தவனே ஆதவன்தான், மொத்தப் படமும் அவள் தலைக்குள் நடக்கிறது என்கிறான் முகுந்த். அவளும் பதிலுக்கு ஒரு கருவி செய்துவிட்டாள் என்றார் இன்னொருவர். டைரக்டருக்கே முடிவு தெரியாமல் கேமராவை அணைத்துவிட்டார் என்றும் ஒரு கட்சி. கடைசியில் நான் கை தூக்கச் சொன்னேன். ஆதவன் செய்தது சரியா, தப்பா? என்னையும் சேர்த்து எட்டுப் பேரில் ஐந்து பேர் சரி என்றோம்.

நீயும் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அகில்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
3 மார்ச் 2025

அன்புள்ள அகில்,

சண்டை இல்லாத கடிதம்தான், பயப்படாமல் படியுங்கள். போன வாரம் விழுந்த பனியை நானும் வெண்பாவும் தள்ளினோம். ஷவல் பிடித்து எனக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

படம் பார்த்தேன். ரோஷினியும் பக்கத்து வீட்டு சாந்தாமணி ஆன்ட்டியும் கூட வந்தார்கள். ஆன்ட்டி இடைவேளையிலிருந்து அழுகை. காரில் ஏறியதும், "ப்ரியா, இந்த மாதிரி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். எங்க வீட்டுல நான் பேசறதே அவருக்குக் காதுல விழாது. இவன் மாமியார் குரல்லயே பேசறானே" என்றார். ரோஷினிக்கு வந்ததே கோபம். "ஆன்ட்டி, அவன் அவளுக்காகப் பண்ணல. அவ அழுதா இவனால ஹேண்டில் பண்ண முடியாது, அதான் பண்ணான்" என்றாள். ரூட் பதினெட்டு முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் நடுவில் பாட்டு வைத்து ஓட்டினேன். இங்கே பெண்கள் வாட்ஸப் குரூப்பிலும் இதே கதைதான். யாரும் பதில் போட முடியாதபடி அட்மின் இரண்டு நாள் பூட்டி வைத்துவிட்டாள்.

நான் ரோஷினி பக்கம். அம்மா செத்து நாற்பது நாள் ஆகியிருக்கிறது, இவள் போனில் எலுமிச்சம்பழ ரசத்துக்குப் பருப்பு எவ்வளவு என்று கேட்டுச் சிரிக்கிறாள். அழ வேண்டிய நேரத்தில் ஒருத்தியைச் சிரிக்க வைத்துவிட்டான். பிறகு என்றாவது தெரிந்தால் அந்தச் சிரிப்பையெல்லாம் அவள் என்ன செய்வாள்? கடைசிப் போன் யார் பண்ணியது என்பதில் எனக்கு அக்கறையே இல்லை. அவள் எடுத்துவிட்டாளே என்றுதான் ஆத்திரமாக வந்தது.

உங்கள் ஐந்து பேரில் கல்யாணம் ஆனவர்கள் எத்தனை பேர்?

அன்புடன்,
ப்ரியா


மில்பிடாஸ்,
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள ப்ரியா,

ஐந்து பேருமே கல்யாணம் ஆனவர்கள். அதனால்தான் கை தூக்கினோம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ டாக்டரை மறந்துவிட்டாய். சொன்னால் உயிருக்கு ஆபத்து என்று அவர் சொன்ன பிறகு ஆதவன் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லி அவளையும் கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டுமா? எதிரே உயிரோடு இருக்கிறவளைக் காப்பாற்றுவது முதல் வேலை. அழுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஆட்களுக்கு இது புதிதா? பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்ணுக்கும், வெளிநாட்டில் இருக்கிறவனுக்கும் சாவுச் செய்தியை உடனே சொல்கிறோமா? முகுந்தின் பெரியப்பா இறந்தது, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். அப்போது அவன் விசா ஸ்டாம்பிங்குக்கு நின்றுகொண்டிருந்தான். வீட்டில் யாரையும் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் இருந்ததும் ஒரு பாசம்தான் என்று எடுத்துக்கொண்டான்.

இங்கே தமிழ்ச் சங்க குரூப்பில் நான் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். சரி என்று நூற்றுப் பதினெட்டு, தப்பு என்று தொண்ணூற்று நாலு. தப்பு என்றவர்களில் பாதிப் பேர் படமே பார்க்கவில்லை என்பது என் சந்தேகம். நேற்று நான் மட்டும் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். அந்த அறையில் அவன் தனியாக உட்கார்ந்து பேசும்போது அவன் முகத்தைப் பார். அவனுக்கு மட்டும் அது சுலபமாக இருந்ததா?

இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட் ஒன்று பார்த்திருக்கிறேன். வெண்பா நடந்தே பள்ளிக்குப் போகலாம். லீஸ் பேச்சு எடுக்க மாட்டேன் என்று சொன்னேன்; இது லீஸ் பேச்சு இல்லை.

அன்புடன்,
அகில்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
16 மார்ச் 2025

அன்புள்ள அகில்,

நீங்கள் வாதாடுவதைப் பார்த்தால் ஆதவன் உங்களுக்கு அத்தை மகன் முறை போலிருக்கிறது. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் எந்தப் படத்தையும் ஒரு தடவைகூட நீங்கள் தூங்காமல் முடித்ததில்லை. இதை இரண்டாம் தடவை தனியாகப் போய்ப் பார்த்தீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வந்தது என்று வாரம் முழுக்க யோசித்தேன். அப்பாதான் காரணம். அவர் போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வர அனுமதிக்கிற அட்வான்ஸ் பரோல் கையில் இல்லை, அது இல்லாமல் கிளம்பினால் கிரீன் கார்டு விண்ணப்பமே போய்விடும், வக்கீலையும் கேட்டுவிட்டேன் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் போகவில்லை. அப்பாவின் சிதையைப் போன் திரையில் பார்த்தேன். அதன் பிறகு நாலு மாதம் நான் இருந்த இருப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

என்னை எழுப்பி உட்கார வைத்தது கவுன்சலிங்கும் இல்லை, மாத்திரையும் இல்லை. கடைசி ஒன்பது நாள் அப்பா அனுப்பிய மெசேஜ்கள்தான். தொண்டையில் புண், டாக்டர் பேசக் கூடாது என்றார் என்று தினமும் உட்கார்ந்து டைப் பண்ணினாரே. கோபியில் மழையா வெயிலா, காலையில் என்ன பலகாரம், வெண்பா பள்ளிக்குப் போனாளா என்று எதையும் விடாமல் எழுதினார். போவதற்கு முதல் நாள், "வர முடியலைன்னு மனசுல வெச்சுக்காத கண்ணு. நீ அங்க நல்லா இருந்தாலே நான் இங்க நல்லா இருக்கறேன்னு அர்த்தம்" என்று எழுதினார். மறுநாள் தூக்கத்தில் போய்விட்டார். தெரிந்தே எழுதினாரோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஒரு வரியால்தான் நான் என்னை மன்னித்துக்கொண்டேன்.

மித்ராவுக்கு அதுகூட இல்லை. எது அம்மா பேசியது, எது புருஷன் பேசியது என்று அவளால் இனி பிரிக்கவே முடியாது. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. இதற்கு மேல் இந்தப் படத்தைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

இனி நல்ல செய்தி. வருகிறோம். ஜூன் கடைசியில் பள்ளி முடிந்ததும். மாதக் கடைசியில் மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன், லீஸ் வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வெண்பாவிடம் இன்று காலை சொன்னேன். "லைக், ஃபார் குட்?" என்று கேட்டாள். ஆமாம், நிரந்தரமாகத்தான் என்றேன். தன் சாமான்களில் எதையெல்லாம் ரோஷினியின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வருவது என்று தரையெல்லாம் பரப்பி வைத்திருக்கிறாள்.

தனியாக இருந்து எனக்கும் அலுத்துவிட்டது, அகில். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

அன்புடன்,
உங்கள் ப்ரியா


மில்பிடாஸ்,
23 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள ப்ரியா,

நீ மேனேஜரிடம் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். உன் கடிதம் வந்த மறுநாள் அந்த அபார்ட்மெண்டுக்குக் கையெழுத்துப் போடப் போனேன். பேனாவைக் கையில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒன்பது நாள் மெசேஜ்களை மாமா எழுதவில்லை. நான் எழுதினேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பு இல்லை. மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து கோயமுத்தூரில் ஐசியூவில் சேர்த்தார்கள். உன் தம்பி நந்து முதலில் என்னைத்தான் கூப்பிட்டான். அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். பரோல் வரவில்லை. சொன்னால் எதையும் யோசிக்காமல் அன்றே கிளம்பிவிடுவாய். திரும்பி வர முடியாமல் நீ அங்கே, நானும் குழந்தையும் இங்கே என்று ஆகிவிடும். மாமா எப்படியும் பிழைத்துவிடுவார், பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தொண்டைப் புண் பொய். உன்னோடு அவர் பேசாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. கார் சூடேற்றப் போகிறேன் என்று தினம் காலையில் கராஜுக்குப் போவேன். அங்கே நின்று டைப் பண்ணி நந்துவுக்கு அனுப்புவேன். நீ வெண்பாவை விட்டுவிட்டு வந்து மெசேஜ் போட்டதும் அவன் அதை மாமாவின் எண்ணிலிருந்து உனக்கு அனுப்புவான். மாமாவின் பழைய மெசேஜ்களையெல்லாம் படித்துப் பழகிக்கொண்டேன். ஒருநாள் நீ வீடியோவில் வரச் சொன்னாய். நெட் சரியில்லை என்று எழுதினேன். மாமா ரேஷன் கடைக்காரரோடு சைகையிலேயே சண்டை போட்டதாக ஒன்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் நீ சிரித்தது கராஜ் வரை கேட்டது.

கடைசி வரியும் என்னுடையதுதான். அன்றைக்கு டாக்டர் கைவிரித்துவிட்டார். நீ பிறகு உன்னையே தின்றுவிடுவாய் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். அது உன்னைக் காப்பாற்றியது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் சரி என்றதும் நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தனை பேரையும் நம் வழக்குக்குத்தான் ஓட்டுப் போட வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் உன்னை இங்கே வரவழைக்க எனக்கு மனசு வரவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கிறேன்.

அகில்


மில்பிடாஸ்,
30 மார்ச் 2025, ஞாயிறு

ப்ரியா,

ஒரு வாரமாகப் போனும் எடுக்கவில்லை, பதிலும் இல்லை. நந்துவின் போனையும் நீ எடுக்கவில்லையாம். அவனைத் திட்டாதே. அவன் அப்போது மாமாவோடு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தான், நான் சொன்னதைச் செய்தான்.

வந்து நேரில் பேசட்டுமா? வெள்ளிக்கிழமை ஃபிளைட் இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். திட்டியாவது எழுது.

அகில்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
6 ஏப்ரல் 2025

அகிலனுக்கு,

வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன்.

வியாழக்கிழமை வக்கீலைக் கூப்பிட்டேன். 2022 நவம்பரில் நீங்கள் அவரைக் கேட்டதாகச் சொன்னீர்கள். அந்த மாதம் நம் வீட்டிலிருந்து போனும் இல்லை, மெயிலும் இல்லை என்று பதிவைப் பார்த்துச் சொன்னார். பெற்றவர் சாகக் கிடந்தால் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய் அவசரத்துக்குப் பரோல் கேட்கலாமாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் பலருக்குக் கிடைத்திருக்கிறது என்றார். ரோஷினி அவள் மாமனாருக்காக நாலே நாளில் வாங்கியிருக்கிறாள். அப்பா ஒன்பது நாளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார்.

கிடைக்காமலே போயிருந்தாலும், கார்டு வேண்டாம் என்று நான் கிளம்பியிருப்பேனா, இருந்திருப்பேனா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை.

நேற்று நந்துவிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னான், அழுதான். அப்பாவுக்குக் கடைசி வரை நினைவு இருந்ததாமே. அப்படியானால் என்னைக் கேட்டிருப்பாரே, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும், "அகில் மாமாகிட்ட கேளுக்கா. என்னால சொல்ல முடியாது" என்று போனை வைத்துவிட்டான்.

அப்பாவிடம் என்ன சொன்னீர்கள்? காரணம் எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

சண்முகப்ரியா


மில்பிடாஸ்,
11 ஏப்ரல் 2025

ப்ரியா,

நடந்ததை எழுதுகிறேன்.

ஐசியூவில் மாலை ஐந்து மணிக்குப் பார்க்க விடுவார்கள். நமக்குக் காலை ஆறரை. நந்து போனை மாமாவின் காதில் வைப்பான். முதல் இரண்டு நாள் மயக்கத்தில் இருந்தார். மூன்றாம் நாள் தெளிவாகப் பேசினார். "மாப்ள, ப்ரியாளுக்குச் சொல்லீட்டீங்களா? அவளப் பாக்கோணும்" என்றார். சொல்லியாச்சுங்க மாமா, டிக்கெட் போட்டாச்சு என்றேன்.

நாலாம் நாள் கிளம்பிவிட்டாள் என்றேன். ஐந்தாம் நாள் எங்கே வந்திருக்கிறாள் என்று கேட்டார். துபாய் என்றேன். ஆறாம் நாள், துபாயில் ஃபிளைட் ரத்து, ஹோட்டலில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றேன். "புள்ளைக்குச் சாப்பாடு குடுப்பாங்களா?" என்று கேட்டார். குடுப்பாங்க மாமா என்றேன். மகள் வரும்போது இப்படி இருக்கக் கூடாது என்று அன்றைக்கு நந்துவிடம் சொல்லிச் சவரம் செய்துகொண்டார்.

ஏழாம் நாள் மாஸ்க் போட்டிருந்தார்கள், பேச முடியவில்லை. சென்னை வந்துவிட்டாள் என்றேன். கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார் என்று நந்து சொன்னான். எட்டாம் நாள் நான் கூப்பிடவில்லை. நந்து நாலு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள், கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டாள் என்றேன். அதற்கு மேல் சொல்ல ஊர் இல்லை. அன்று காலைதான் உனக்கு அந்தக் கடைசி மெசேஜையும் எழுதினேன். பத்தாம் நாள் மதியம் போய்விட்டார். தூக்கத்தில் இல்லை.

வக்கீலை நான் கேட்கவில்லை. வழி இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்கவில்லை. விண்ணப்பம் உன் வேலையில், உன் பெயரில் இருந்தது. என்னுடைய வேலை பர்மிட்டும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீ போய் அது ரத்தாகியிருந்தால் நான் மறுநாள் ஆபீஸுக்குப் போயிருக்க முடியாது. அந்த நினைப்பும் எனக்கு இருந்தது. உனக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அகிலன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
19 ஏப்ரல் 2025, சனி

அகிலனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் வைத்துப் படித்தேன். அன்று உள்ளே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று மேனேஜருக்கு எழுதிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எழுதியதைக்கூட ஒரு நாள் நான் தாங்கிக்கொள்வேன். அதில் பாசம் இருந்தது, எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் உங்கள் எண்ணிலிருந்து அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. அந்த மெசேஜ்களை அழித்துவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். எதை அழிப்பது, யாருடையதை அழிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

அப்பாவுக்குச் செய்தது வேறு. கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். அப்பாவுக்கு அந்த ரோடெல்லாம் தெரியும். இறங்கிவிட்டாள் என்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்தரை ஆகியிருக்கும், ஆறு ஆகியிருக்கும். மறுநாள் மதியம் வரை அவருக்கு நினைவு இருந்திருக்கிறது. மகள் ஊருக்கு வந்தும் தன்னைப் பார்க்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டு என் அப்பா செத்துப்போனார். அவரிடம் போய், இல்லப்பா, எனக்குத் தெரியவே தெரியாது என்று இனி நான் எப்படிச் சொல்வது?

சாந்தாமணி ஆன்ட்டியிடம் சொன்னேன். "பாவம், அவனும் என்னதான் பண்ணுவான்" என்றார். ரோஷினி உங்கள் பேரைச் சொன்னாலே எழுந்து போகிறாள். உங்களைப் பற்றியும் இங்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. நான் எதிலும் இல்லை. படம் என்றால் ஒரு பக்கம் நின்று பேசிவிடலாம்.

லீஸை நேற்று ஒரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. தெரிந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன். அந்த அளவுக்காவது நான் உங்களுக்கு நியாயமாக இருப்பேன்.

வெண்பாவிடம் நாம் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். ரோஷினியின் பெண்ணுக்குக் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி வந்து அடுக்கினாள். பிறகு, "டிட் அப்பா டூ சம்திங்?" என்று கேட்டாள். அம்மாவுக்கு வேலை, உனக்குப் பள்ளி என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அப்பாவே உன்னிடம் சொல்வார் என்றேன். தாத்தாவுக்கு என்ன ஆயிற்று, நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் நாங்கள் வரவில்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி உங்கள் வாயால் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். நான் பக்கத்தில் இருப்பேன், நடுவில் பேச மாட்டேன்.

நாளைக் காலை பதினோரு மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அப்போது எட்டு மணி. அவளைக் காக்க வைக்காதீர்கள்.

சண்முகப்ரியா